ஒளியால் வலிவுறும் அமிலங்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழா, அறிவியல் தமிழ் அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இலக்கிய அரங்கில் வேதியியலுக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. கேட்பதில் தவறில்லை. ஆயினும், ஒரு மொழி காதலையும் வீரத்தையும் பாடிவிட்டதாலேயே நிறைவு பெற்றுவிடுவதில்லை. ஒரு துளி நீருக்குள் நிகழ்வதைச் சொல்ல அம்மொழியால் முடியுமா என்பதும் அதன் வளத்தை அளக்கும் கோலே ஆகும். இன்றைய உரையின் பொருள் அத்தகையது. சாதாரண நிலையில் வலிவற்றதாய்க் கிடக்கும் ஓர் அமிலம், ஒளி பட்ட அக்கணத்தில் கோடி மடங்கு வலிவு பெற்றுத் தன் புரோட்டானை நீருக்கு வழங்கிவிடுகிறது. ஒளி அணைந்ததும் பழைய நிலைக்கே திரும்புகிறது. இந்நிகழ்வு தூய நீரில் எவ்வாறு நடைபெறுகிறது, சவர்க்கார நீரில் உருவாகும் நுண்ணுருண்டைகளில் எவ்வாறு மாறுகிறது என்பதே இவ்வுரையின் செய்தி.

கடலில் தொடங்கும் கதை

2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஓரிரவு, சென்னைக்குத் தெற்கே திருவான்மியூர், ஈஞ்சம்பாக்கம் முதலிய கரைகளில் அலைகள் நீல ஒளியுடன் புரண்டன. மக்கள் திரண்டு சென்று கண்டு வியந்தனர். அக்கரையே தெற்கே நீண்டு கோவளம் கடந்து மாமல்லபுரத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் தொடுகிறது. அவ்வொளிக்குக் காரணம் நாக்டிலூக்கா என்னும் ஒற்றைச் செல் உயிர். கடுகினும் சிறிய அதன் உடலின் பெரும்பகுதி அமிலச் சாறு நிரம்பிய ஒரு பையே. அலை மோதி உடல் நசுங்கும்போது அதன் சவ்வில் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. பையிலுள்ள புரோட்டான்கள் ஒளியுண்டாக்கும் நுண்ணுறுப்புகளுக்குள் பாய்கின்றன. அங்கே அமிலத்தன்மை மிகுந்ததும் உறங்கிக் கிடந்த நொதி விழித்து ஒளியைப் பிறப்பிக்கிறது. இவ்வகைப் புரோட்டான் வாயில் ஒன்று இருத்தல் வேண்டும் என்று 1972இல் ஃபோகல், ஹேஸ்டிங்சு ஆகிய இருவரும் கருதினர். 2011இல் அதே இனக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு நுண்ணுயிரில் அத்தகைய வாயில் கண்டறியப்பட்டது.

கடலில் புரோட்டான் ஒளியைப் பிறப்பிக்கிறது. ஆய்வுக்கூடத்திலோ இதன் மறுதலை நிகழ்கிறது. ஒளி புரோட்டானை விடுவிக்கிறது. ஒரே வழியில் இரு திசைப் பயணம் என்று இதனைக் கொள்ளலாம்.

ஆரத்தித் தட்டும் அமிலமும்

அமிலம் என்றால் என்ன, காரம் என்றால் என்ன என்பதற்கு விளக்கம் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மணமக்கள் வீடு புகும்போது சுற்றும் ஆரத்தியை நோக்குக. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்ந்ததும் நீர் குருதிச் சிவப்பாகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் பொருள் தன்னிடமுள்ள புரோட்டானைச் சுண்ணாம்பிற்குக் கொடுத்துவிடுவதால் நிறம் மாறுகிறது. எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் புரோட்டான் மீள்கிறது; மஞ்சள் நிறமும் மீள்கிறது. புரோட்டானைக் கொடுப்பது அமிலம்; கொள்வது காரம். ஐதரசன் அணு தன் ஒரே எலக்ட்ரானை இழந்து நிற்கும் நிலையே புரோட்டான். அணுக்களில் மிகச் சிறியதன் கருவே அது.

எல்லா அமிலங்களும் ஒரே தன்மையான கொடையாளிகள் அல்ல. சில கேளாமலே கொடுக்கும். சில வற்புறுத்தினாலன்றிக் கொடா. இக்கொடைக் குணத்தை அளக்க வேதியியலார் பிகேஏ என்னும் எண்ணைக் கையாளுகின்றனர். எண் சிறிதாகச் சிறிதாகக் கொடை பெரிதாகும். எண்ணில் 1 குறைந்தால் கொடைத்திறன் 10 மடங்கு கூடும். 2 குறைந்தால் 100 மடங்கு கூடும். இக்கணக்கை மனத்தில் இருத்தினால் பின்வரும் வியப்பு விளங்கும்.

நாஃப்தால் என்றொரு பொருள் உண்டு. அந்துருண்டையாக அலமாரியில் இடப்பெறும் நாஃப்தலீனின் உறவுப் பொருள் அது. நாஃப்தலீன் வளையத்தில் ஓர் ஐதராக்சில் தொகுதி சேர்ந்தால் நாஃப்தால் ஆகும். சேரும் இடத்தைப் பொறுத்து 1-நாஃப்தால், 2-நாஃப்தால் என இரு வகைப்படும். 2-நாஃப்தாலின் பிகேஏ எண் ஏறத்தாழ 9.5, நீரில் இட்டால் புரோட்டானை விடாது இறுகப் பற்றியிருக்கும். புற ஊதா ஒளியை உட்கொண்டு கிளர்வு நிலையை அடைந்ததும் அதே எண் 2.8 அளவிற்கு இறங்கிவிடுகிறது. ஐம்பது இலட்சம் மடங்கு வலிவு! 1-நாஃப்தாலின் மாற்றம் இதனினும் பெரிது. 9.2 என்னும் எண் 0.4 என்னும் அளவிற்கு வீழ்கிறது. அறுபது கோடி மடங்கினும் மிகுதி. இவ்வாறு ஒளியால் வலிவுறும் பொருள்களையே ஒளியமிலங்கள் என்று வழங்குதல் பொருந்தும்.

ஃபோர்ஸ்டரின் கணக்கு

இவ்வியப்பின் முதற் சுவடு 1931இல் வெபர் என்பாரின் ஆய்வில் தென்பட்டது. கரைசலின் அமிலத்தன்மையை மாற்றியபோது, ஒரு பொருளின் ஒளியுறிஞ்சும் நிறம் ஓரிடத்திலும் அதன் ஒளிர்தலின் நிறம் முற்றிலும் வேறோரிடத்திலும் மாறியதை அவர் கண்டார். உறிஞ்சும்போது ஒரு பொருளாகவும் ஒளிரும்போது மற்றொரு பொருளாகவும் அது இருந்தது. காரணத்தைத் தெளிவுபடுத்தியவர் செருமானிய அறிஞர் தியோடர் ஃபோர்ஸ்டர். 1949, 1950ஆம் ஆண்டுகளில் அவர் வெளியிட்ட விளக்கமே இத்துறையின் அடிக்கல். ஆல்பர்ட் வெல்லர் 1950களில் அதனை விரித்து, வினையின் வேகங்களையும் கணித்தார்.

ஃபோர்ஸ்டரின் கணக்கு எளியது. ஒரு மலைமீது ஏற இரு வழிகள் இருந்தால், எவ்வழியில் ஏறினும் அடிவாரத்திற்கும் உச்சிக்கும் உள்ள உயர வேறுபாடு ஒன்றே. திருக்கழுக்குன்றத்தில் ஏறும் படி வேறு, இறங்கும் படி வேறு எனினும் குன்றின் உயரம் மாறுவதில்லை அன்றோ? அதுபோல, அமிலம் முதலில் ஒளியை ஏற்றுப் பின்னர்ப் புரோட்டானை இழந்தாலும், முதலில் புரோட்டானை இழந்து பின்னர் ஒளியை ஏற்றாலும், முடிவில் அடையும் ஆற்றல் நிலை ஒன்றே. ஆகவே, புரோட்டானுடன் கூடிய மூலக்கூறு எந்நிற ஒளியை உறிஞ்சுகிறது, புரோட்டானை இழந்தது எந்நிற ஒளியை உறிஞ்சுகிறது என்னும் இரண்டை மட்டும் அளந்தால் போதும். கிளர்வு நிலையின் அமில வலிவைக் கணக்கிட்டுவிடலாம். இழந்தது சிவப்பை நோக்கி நகர்ந்து, குறைந்த ஆற்றல் கொண்ட ஒளியை உறிஞ்சுமாயின், கிளர்வு நிலையில் அமிலம் வலிவு பெற்றிருக்கும். கண்ணால் காணவியலாத, நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவே வாழும் ஒரு நிலையின் இயல்பை, சாதாரண நிறமாலை அளவீடுகளைக் கொண்டே கூறிவிட முடிந்தது என்பதே இக்கணக்கின் சிறப்பு.

மூலக்கூறுக்குள் நிகழ்வது யாது? ஒளியை ஏற்றதும் ஆக்சிசன் அணுவைச் சூழ்ந்திருந்த எலக்ட்ரான் மேகத்தில் ஒரு பகுதி வளையத்தை நோக்கி நகர்கிறது. பற்றியிருந்த கை தளர்கிறது. அதனினும் மேலாக, புரோட்டானை இழந்தபின் எஞ்சும் எதிர்மின் அயனி, மின்னூட்டத்தை வளையம் முழுதும் பரப்பிக்கொண்டு நிலைபெறுகிறது. கொடுத்தபின்னும் குன்றாதிருப்பவர்க்குக் கொடுத்தல் எளிது என்பது மக்களிடம் மட்டுமன்றி மூலக்கூறுகளிடமும் காணப்பெறும் உண்மை போலும்.

நொடியின் நுண்கூறுகள்

கிளர்வு நிலையின் வாழ்நாள் சில நானோ நொடிகளே. நானோ நொடி என்பது நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. அக்காலத்தில் ஒளி கடக்கும் தொலைவு 30 சென்டிமீட்டர். ஏறத்தாழ ஓர் அடி. பிக்கோ நொடி என்பது நானோ நொடியிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதில் ஒளி 0.3 மில்லிமீட்டரே நகரும். 1-நாஃப்தால் தூய நீரில் தன் புரோட்டானை வழங்க எடுத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 35 பிக்கோ நொடி. அதாவது ஒளி ஒரு விரலின் அகலத்தைக்கூடக் கடக்காத காலம். மஞ்சள் வண்ண முனைப்பேனாக்களில் கையாளப்பெறும் பைரனின் என்னும் சாயமும் ஒளியமிலமே. அதற்கு ஏறத்தாழ 90 பிக்கோ நொடி தேவைப்படுகிறது. மாணவர்கள் பாடநூலில் கோடிட்ட வரி பசுமை கலந்து மின்னுவதற்குக் காரணமான அப்பொருளே, உலகின் பல ஆய்வுக்கூடங்களில் புரோட்டானின் பயணத்தை அளக்கும் கருவியாகவும் விளங்குகிறது.

இத்துணைக் குறுகிய காலத்தை அளப்பது எவ்வாறு? அதற்கு அதனினும் குறுகிய ஒளித்துடிப்பு வேண்டும். மிக விரைந்த வேதிவினைகளை ஆராய்ந்தமைக்காக 1967இல் ஐகன், நாரிசு, போர்ட்டர் மூவர்க்கும் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. சீரொளித் துடிப்புகளால் ஃபெம்டோ நொடி அளவில் வினைகளைக் கண்டமைக்காக 1999இல் அகமது சுவைலுக்கு அப்பரிசு கிட்டியது. ஒரு துடிப்பு வினையைத் தொடங்கிவைக்கிறது. பின்வரும் ஒளிர்தலைக் கருவி காலவரிசைப்படி பதிவு செய்கிறது. புரோட்டானுடன் கூடிய 1-நாஃப்தால் 360 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி ஒளிரும். இழந்த அயனி 460 நானோமீட்டரை ஒட்டி நீலமாய் ஒளிரும். முதல் ஒளிர்தல் தேய்வதும் இரண்டாம் ஒளிர்தல் வளர்வதும் ஒருசேரப் பதிவாகும்போது, புரோட்டான் கைமாறிய கணம் கணக்கில் அகப்படுகிறது.

பிரிந்த புரோட்டான் பிரிந்தே போய்விடுவதுமில்லை. எதிர்மின் அயனியின் ஈர்ப்பால் சில மீண்டும் வந்து சேர்கின்றன. கிளர்வு நிலை அணையாதிருப்பின் மறுபடியும் பிரிகின்றன. பைன்சு, ஹூப்பர்ட், ஆக்மன் ஆகியோர் 1988இல் பைரனினைக் கொண்டு இதனை அளந்து, கோட்பாட்டுடன் பொருத்திக் காட்டினர். பிரிதலும் கூடலும் அகத்திணைக்கு மட்டும் உரியன அல்ல.

நீர் வெறும் பாத்திரமன்று

இவ்வினையில் நீர் பொருளைத் தாங்கும் பாத்திரம் மட்டுமன்று. பெறுகின்ற கையும் அதுவே. நீரின் மூலக்கூறுகள் ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒரு முனையில் வந்த புரோட்டானை ஏற்கும் மூலக்கூறு, தன்னிடமுள்ள மற்றொரு புரோட்டானை அடுத்ததற்குக் கொடுக்கிறது. அது மூன்றாவதற்குக் கொடுக்கிறது. தீப்பற்றிய குடிசையை அணைக்க ஏரியிலிருந்து வரிசையாய் நின்று குடத்தைக் கைமாற்றும் ஊர்மக்களைப் போன்றது இது. குடம் நகர்கிறது, ஆட்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றனர். இவ்வகைக் கடத்தலுக்கு வித்திட்ட கருத்தை குரோத்தசு என்பார் 1806ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். புரோட்டான் என்னும் துகளே அறியப்படாத காலம் அது.

பெறுகின்ற கை ஒன்றாயிருந்தால் போதாது. நாஃப்தாலை ஆல்ககாலில் கரைத்தால் புரோட்டான் எளிதில் கைமாறுவதில்லை. சிறிது சிறிதாக நீரைச் சேர்த்துவரும்போது ஒரு கட்டத்தில் வினை தொடங்குகிறது. ஏறத்தாழ 4 நீர் மூலக்கூறுகள் குழுவாய்க் கூடினால்தான் புரோட்டானை ஏற்க இயலும் என்று 1980களில் இராபின்சன் குழுவினர் கருதினர். பின்னர் டோல்பர்ட் குழுவினர் சயனோ தொகுதிகளை இணைத்து உருவாக்கிய வலிமிகு ஒளியமிலங்களோ ஆல்ககாலுக்கும் புரோட்டானை வழங்கவல்லனவாய் அமைந்தன. கொடுப்பவரின் வலிவும் கொள்பவரின் ஒற்றுமையும் சேர்ந்தே வினையை முடிவு செய்கின்றன என்பது தெளிவு.

செங்கல்பட்டு மாவட்டத்தவர் நன்கறிந்த ஒரு பொருள் இங்கும் தலைகாட்டுகிறது. கல்பாக்கத்தில் 1984, 1986ஆம் ஆண்டுகளில் வணிக முறையில் மின்னாக்கத் தொடங்கிய இரு அணு உலைகளும் கனநீரைக் கொண்டு இயங்குவதற்கென அமைக்கப்பெற்றவை. கனநீரில் சாதாரண ஐதரசனுக்கு மாற்றாக இருமடங்கு எடையுள்ள டியூட்டீரியம் இருக்கிறது. அங்கு அதன் பணி நியூட்ரானின் வேகத்தைத் தணிப்பது. அதே கனநீரில் ஒளியமிலத்தைக் கரைத்தால், கைமாறும் துகளின் எடை கூடிவிடுவதால் வினை ஏறத்தாழ மூன்று மடங்கு மெதுவாகிறது. இவ்வேறுபாடு தென்பட்டால், வேகத்தை முடிவு செய்வது புரோட்டானின் இடப்பெயர்ச்சியே என்பதற்கு அது வலுவான சான்றாகும்.

சீயக்காய் நுரையும் மிசெல்லும்

இனி மிசெல்லுக்கு வருதல் தகும். சவர்க்கார மூலக்கூறுக்குத் தலை ஒன்று, நீண்ட வால் ஒன்று. தலை நீரை விரும்பும். வால் எண்ணெயை விரும்பி நீரை வெறுக்கும். நீரில் இவற்றின் செறிவு ஓரளவைக் கடந்ததும், வால்களை உள்ளே மறைத்துத் தலைகளை வெளியே காட்டிக் கோளவடிவில் திரள்கின்றன. அத்திரளே மிசெல். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின்கள் எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுவதும் இம்முறையினாலேயே. சவர்க்காரக் கரைசல்களில் இத்தகைய திரள்கள் இருத்தல் வேண்டும் என்று 1913இல் மெக்பெயின் கூறினார். சோடியம் டோடெசில் சல்பேட்டு என்னும் பொருளில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள் கூடி, நானோமீட்டர் கணக்கில் ஒற்றை இலக்க விட்டமுள்ள ஒரு மிசெல் ஆகின்றன.

இந்நுண்கோளத்தில் ஒளியமிலம் குடியேறினால் என்ன நிகழும்? இவ்வினாவிற்கு விடை தந்ததில் இந்திய ஆய்வாளர்களின் பங்கு பெரிது. கொல்கத்தாவில் 1876இல் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், தமிழர்க்குப் புதியதன்று. 1921இல் கப்பற் பயணத்தில் கடலின் நீலம் கண்டு வினவிய இராமன், வத்திராயிருப்பில் பிறந்த கே.எசு. கிருட்டிணனுடன் 1928இல் ஒளிச்சிதறல் விளைவைக் கண்டறிந்த இடம் அதுவே. அதே கழகத்தில் கங்கண் பட்டாசாரியா தம் மாணவர்களான மண்டல், பால் ஆகியோருடன் 1998இல் 1-நாஃப்தாலை மிசெல்களில் ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார். தூய நீரில் 35 பிக்கோ நொடியில் முடிந்த வினை, மிசெல்லில் பல மடங்கு மந்தமாயிற்று. நீரில் காணவே அரிதாயிருந்த 360 நானோமீட்டர் ஒளிர்தல், அதாவது புரோட்டானை இன்னும் இழக்காத நாஃப்தாலின் ஒளிர்தல், மிசெல்லில் பளிச்செனத் தோன்றியது.

காரணம் யாது? மிசெல்லின் உட்புறம் எண்ணெய் போன்றது. அங்கே புரோட்டானைப் பெறக் கைகள் இல்லை. மேற்பரப்பில் நீர் உண்டு. ஆயினும் அந்நீர் தலைகளோடு பிணைந்து அசைவு குன்றிய நீர். சுதந்திரமாய்ச் சுழன்று, பிறந்த அயனியையும் புரோட்டானையும் விரைந்து சூழ்ந்து தாங்க அதனால் இயல்வதில்லை. தலையின் மின்னூட்டமும் தன் பங்கை ஆற்றுகிறது. எதிர்மின் தலையுள்ள மிசெல் புரோட்டான்களைத் தன் விளிம்பில் ஈர்த்து நிறுத்தும். நேர்மின் தலையுள்ளது விலக்கும். எனவே, ஒளியமிலம் ஒளிரும் நிறத்தை நோக்கினாலே அது மிசெல்லில் எங்கே தங்கியிருக்கிறது, அங்குள்ள நீர் எத்தகையது என்று சொல்லிவிடலாம். கொல்கத்தாவின் பட்டாசாரியாவும் பெங்களூரின் பிமன் பாக்சியும் உயிரியல் நீர் என்னும் கருத்தை வளர்த்தெடுத்ததன் பின்னணியில் இத்தகைய ஆய்வுகளே உள்ளன.

தமிழ்நாட்டிலும் இத்துறை வேரூன்றியுள்ளது. எம். சுவாமிநாதன், எசு.கே. டோக்ராவுடன் இணைந்து 1983இல் அமினோ இண்டசோலின் கிளர்வு நிலைப் புரோட்டான் மாற்றங்களை வெளியிட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இவ்வழியில் ஆய்வுகளை வளர்த்தார். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெ. சுஜாதா, அ.கு. மிசுரா ஆகியோர் 1998இல் 1-நாஃப்தாலைக் கொழுப்புச் சவ்வுக் குமிழ்களில் இட்டு ஆராய்ந்தனர். சவ்வு குளிர்ந்த நிலையில் மெழுகுபோல் இறுகியிருக்கும்; ஒரு குறித்த வெப்பநிலையில் இளகும். அவ்விளகலை நாஃப்தாலின் ஒளிர்தல் காட்டிக்கொடுத்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் அதிவேக நிகழ்வுகளை ஆராய்வதற்கென்றே ஒரு தேசிய மையம் அமைந்தது. கிழக்குக் கடற்கரையின் இரு தலைநகரங்களில் ஒரே ஆண்டில், ஒரே மூலக்கூறை, ஒன்று மிசெல்லிலும் மற்றொன்று சவ்விலும் இட்டுப் பார்த்தன என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

ஆரத்தித் தட்டின் குர்குமினும் இவ்வரிசையில் உண்டு. நீரில் எளிதில் கரையாத அது, மிசெல்லுக்குள் புகுந்து கரைகிறது. ஒளி பட்டதும் மூலக்கூறுக்கு உள்ளேயே ஐதரசன் கைமாறுகிறது என்பதை அமெரிக்காவின் பெட்ரிச்சு குழுவினர் 2010இல் மிசெல்களில் ஆராய்ந்து வெளியிட்டனர். தமிழ்ப் பெண்டிர் நாள்தோறும் கையாளும் மஞ்சள் அங்கே சீரொளிக் கருவியின் முன் நிற்கிறது.

பயன் யாது?

இத்துணை நுண்ணிய ஆய்வால் பயன் என்ன என்னும் வினாவிற்கு விடை உயிரினுள்ளேயே இருக்கிறது. செல்லின் ஆற்றலில் பெரும்பகுதி சவ்வின் இருபுறத்தும் உள்ள புரோட்டான் செறிவின் வேறுபாட்டால் சேமிக்கப்படுகிறது. இக்கருத்தை முன்வைத்த பீட்டர் மிட்செல் 1978இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வின் விளிம்பில் புரோட்டான் எவ்வாறு நகர்கிறது என்பதை அறிய, அதன் எளிய உருவமாகிய மிசெல்லில் தொடங்குதல் முறையே. ஏரியின் ஆழத்தை அறிய விரும்புவோர் முதலில் கரையோரத்தில் கோலை ஊன்றிப் பார்ப்பது போன்றது இது.

கடல் இங்கும் மீண்டும் வருகிறது. ஏக்குவோரியா என்னும் சொறி மீனிலிருந்து சிமோமுரா 1962இல் பிரித்தெடுத்த பச்சை ஒளிர்புரதம் உயிரியலின் போக்கையே மாற்றியது. 395 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் அப்புரதம் 508 நானோமீட்டரை ஒட்டிப் பச்சையாய் ஒளிர்வதற்குக் காரணம், கிளர்வு நிலையில் அதனுள் நிகழும் புரோட்டான் மாற்றமே. நீரும் புரதத்தின் பகுதிகளும் சேர்ந்து அங்கே கைகோத்து நிற்கின்றன. சிமோமுரா, சால்ஃபி, சியன் மூவர்க்கும் 2008இல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. ஒளி அமிலத்தை உண்டாக்கும் மற்றொரு நெறியும் உண்டு. அதில் மூலக்கூறு நிலையாகவே சிதைந்து அமிலமாகிறது. இட்டோ, வில்சன், ஃபிரெசே ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் வகுத்த அந்நெறியாலேயே கணிப்பொறிச் சில்லுகளில் நுண்கோடுகள் வரையப்படுகின்றன. மீளும் ஒளியமிலமும் மீளா ஒளியமிலமும் வேறு வேறானவை. அவற்றைக் குழப்பிக்கொள்ளல் ஆகாது.

தமிழில் சொல்லுதல்

இனி, இவ்வட்டத்திற்கு உரிய வினாவிற்கு வருதல் வேண்டும். இவையனைத்தையும் தமிழில் சொல்ல இயலுமா என்னும் ஐயம் பழமையானது. யாழ்ப்பாணத்தில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் ஃபிசுக்கு கிறீனின் கெமிசுதம் என்னும் வேதியியல் நூல் 1875இல் தமிழில் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் இராசாசி முதலியோர் கலைச்சொல் ஆக்கத்திற்கென்றே ஒரு சங்கம் கண்டனர். திண்ணை ரசாயனம் என்று இராசாசி பின்னாளில் ஒரு நூலே எழுதினார். திண்ணையில் அமர்ந்து பேசத்தக்கதே வேதியியல் என்னும் துணிவு அப்பெயரிலேயே ஒலிக்கிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய்க் கலைக்களஞ்சியம் வெளிவந்தது. இயலும் என்பதற்குச் சான்று வேண்டுவதில்லை. இயன்றது தொடர்ந்ததா என்பதே வினா.

செங்கல்பட்டிற்கு அருகே மறைமலை நகர் என்று ஓர் ஊரே இருக்கிறது. வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என்று ஆக்கிக்கொண்டவரின் நினைவாக அமைந்த ஊர் அது. சொல்லை மாற்றும் துணிவு வேண்டும் என்பதை அவ்வூர் உணர்த்துகிறது. எனினும், எல்லாவற்றையும் மாற்றுதல் மட்டுமே அறிவியல் தமிழ் ஆகிவிடாது. புரோட்டான், மிசெல் என்பன உலகெங்கும் வழங்கும் சொற்கள். அவற்றைத் தமிழ் எழுத்தில் ஏற்பதால் தமிழ் தாழ்ந்துவிடாது. ஆனால், கிளர்வு நிலை, ஒளிர்தல், வாழ்நாள், ஒளியமிலம் என்பன கேட்ட அளவில் பொருள் விளங்கும் சொற்கள். இவை இருக்கும்போது ஆங்கிலத்தை அப்படியே ஒப்பித்தல் அறிவாகாது. பெயரை ஏற்றுக்கொள்ளலாம், விளக்கம் தமிழில் பிறத்தல் வேண்டும். இதுவே நடுநிலையான வழி.

இது மொழிப்பற்றுக்காக மட்டும் கூறப்படுவதன்று. செங்கல்பட்டு அரசு கலைக் கல்லூரியிலும் சுற்றுப்புற ஊர்ப் பள்ளிகளிலும் பயிலும் மாணவர் பலர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்போர். பிகேஏ என்னும் எண்ணை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடும் மாணவி, தன் தாய் கரைத்த ஆரத்தியில் நிகழ்ந்ததும் அதுவே என்று அறியாமல் போவாளாயின், இழப்பு அவளுக்கு மட்டுமன்று, துறைக்கும் ஆகும். அறிந்ததை வாழ்வோடு பொருத்திப் பார்க்கும் கணத்திலேயே ஆய்வாளர் பிறக்கிறார். கப்பலில் நின்று கடல் ஏன் நீலம் என்று இராமன் கேட்ட வினா, எந்தத் தேர்வுத்தாளிலும் இருந்ததன்று.

ஒளிரும் கடலையும் அழகு என்று மட்டும் கண்டு திரும்புதல் போதாது. நாக்டிலூக்கா அளவின்றிப் பெருகி மடிந்து அழுகும்போது நீரில் உயிர்வளி குன்றுகிறது. 2019ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மன்னார் வளைகுடாவில் அவ்வினத்தின் பச்சை வகை பெருகியபோது மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. இராமேசுவரம் கரையோரத்தார் அதற்குப் பூங்கோரை என்று பெயரிட்டு வழங்குகின்றனர். கழிவும் உரமும் கலந்து கடலின் ஊட்டம் மிகுவது இத்தகைய பெருக்கத்திற்குத் துணைபோகிறது. பாலாறு கடலொடு கலக்கும் முகத்திலும், கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையிலும் வலை வீசி வாழும் மீனவர்க்கு இது வயிற்றுச் செய்தி. பெயர் அவர்களிடம் இருக்கிறது; காரணம் நூலகத்தில் இருக்கிறது. இரண்டையும் ஒரே மொழியில் சேர்த்துவைப்பது யார் கடமை? அது விஞ்ஞானியின் கடமை மட்டுமன்று; இலக்கிய வட்டங்களின் கடமையுமாம்.

ஒளி பட்ட மூலக்கூறின் வாழ்நாள் சில நானோ நொடிகளே. அச்சிறு பொழுதிற்குள் அது தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிடுகிறது. கொள்வதற்குக் கைகோத்த நீர் அருகில் இருந்தால் கொடை விரைவாகிறது. இல்லையேல் ஒளி வீணே அணைகிறது. இளைஞர் உள்ளத்தில் படும் அறிவொளிக்கும் இஃது ஒக்கும். அவ்வொளி அணையுமுன் ஏற்றுக்கொள்ளும் சூழலாய் இவ்வட்டம் இனிவரும் பத்தாண்டுகளிலும் விளங்குவதாக. அடுத்த முறை மாமல்லபுரக் கரையில் அலை நீலமாய் மின்னுமாயின், அதனைக் கண்டு நிற்போருள் ஒரு மாணவரேனும் புரோட்டான் என்று வாய்விட்டுச் சொல்லி, அது ஏன் என்று தமிழில் தம் அருகில் நிற்பவர்க்கு விளக்குவாராயின், இவ்வரங்கின் நோக்கம் நிறைவேறியதாகும்.